டர்ஃப் போடுமுன் அடியில் பாருங்கள்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்குத் தரையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்கிய பிறகே பாத்தியில் உப்புநீர் பாய்ச்சுவார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் நான் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். மே மாதத்தில் எங்கள் பள்ளி மைதானமும் அந்தப் பாத்தி போலத்தான். ஆனால் மேலே கிடக்கும் புழுதியில் கால் சறுக்கும். சறுக்கினால் முட்டி தேயும், மூட்டு தப்பும்.

ஈ.சி.ஆர். சாலையோரத்தில், செயற்கைப் புல் போட்ட வாடகை டர்ஃபில் கதை வேறு. பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ராத்திரியில் போகிறார்கள். பிளஸ் டூ மாணவன் ஒருவன் அண்ணனின் பழைய ஸ்டட் பூட்ஸோடு போனான். பந்தை வெட்டித் திரும்பும்போது ஸ்டட் புல்லிழையில் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. எதிராளி யாரும் பக்கத்தில்கூட இல்லை. "டப்புனு சத்தம் கேட்டுச்சு சார்" என்றான். முழங்காலில் ஏ.சி.எல். ஜவ்வு அறுந்திருந்தது.

செயற்கைப் புல்லே கூடாது என்பதல்ல என் கட்சி. ஸ்வீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்ட் குழுவின் 2006 ஆய்வில், இயற்கைப் புல்லுக்கும் செயற்கைப் புல்லுக்கும் இடையே மொத்தக் காயங்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. செயற்கைப் புல்லில் கணுக்கால் சுளுக்குதான் அதிகம். ஆனால் அவர்கள் பார்த்தது ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளை. ஃபிஃபா சான்று வேண்டுமென்றால், தரை எவ்வளவு அதிர்வை வாங்குகிறது, பூட்ஸ் திரும்ப எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று கருவி வைத்து அளப்பார்கள். நம் வாடகை டர்ஃபில் அளக்கப்படுவது நேரம் மட்டும்தான்.

வெயிலையும் மறக்கக் கூடாது. 2015 மகளிர் உலகக் கோப்பை முழுக்கச் செயற்கைப் புல்லில் நடந்தது. குளிர்நாடான கனடாவிலேயே, எட்மண்டனில் தரைச்சூடு 49 டிகிரி செல்சியஸைத் தொட்டதாகச் செய்தி வந்தது. இங்கே உப்பு விளைய வைக்கிற வெயில்!

புல் இல்லாத தளத்திலும் இதே கதைதான். அணிக்கு ஐவர் ஆடும் ஃபுட்சால் என்ற சின்னக் கால்பந்துக்கு மரத்தளமோ செயற்கைத் தளமோ நல்லது, சிமென்டையும் தாரையும் தவிர்க்க வேண்டும் என்று விதிப்புத்தகமே சொல்கிறது. நாம் கூடைப்பந்து ஆடும் சிமென்ட் தளத்தில்தான் அதை ஆடுகிறோம்.

டர்ஃப் போட்டுத் தர முன்வரும் நன்கொடையாளர்களே, பேரூராட்சியாரே, அதிர்வு தாங்கும் மெத்தை அடியில் உண்டா என்று ஒப்பந்ததாரரிடம் முதலில் கேளுங்கள். அதற்குக் காசு போதாதென்றால் இருக்கிற மைதானத்தில் கல் பொறுக்கி, மேடுபள்ளம் நிரவி, ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் ஒரு லாரி நல்ல தண்ணீர் தெளியுங்கள். மிச்சப் பணத்தில் பிள்ளைகளுக்குத் தரைக்கேற்ற ஷூ வாங்கிக் கொடுங்கள்.