மோடத்தைத் தேர்வு செய்யும் உரிமை யாருக்கு?

நொடிக்கு 200 மெகாபிட், 300 மெகாபிட் என்று வேகத்தைக் கூவி விற்கும் இணைய நிறுவனங்கள், அந்த வேகம் வீட்டுக்குள் நுழையும் வாசலைப் பற்றி வாய் திறப்பதில்லை. கேபிளின் அல்லது கண்ணாடி இழையின் முனையில் பொருத்தப்படும் மோடம் பெட்டியே அந்த வாசல். இந்தியாவில் அதைத் தேர்வு செய்பவர் பெரும்பாலும் பணம் கட்டுபவர் அல்லர், நிறுவனமே.

இதனால் நேரும் இழப்பு கற்பனையல்ல. பழைய, மலிவான பெட்டிகள் பலவற்றில் கணினியை இணைக்கும் வழி 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கும் வைஃபையோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் நெரிசலில் அதைவிடவும் தளர்ந்துவிடும். 200 மெகாபிட் திட்டத்துக்கு மாறி, மாதந்தோறும் கூடுதலாகச் செலுத்தும் குடும்பத்துக்குப் பெட்டி மாற்றப்படாவிட்டால் விலை கொடுத்த வேகத்தில் பாதிகூட வந்து சேராது. முறையிட்டால், தங்கள் தரப்பில் வேகம் சரியாகவே இருக்கிறது என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தடையாக நிற்கும் பெட்டியும் அவர்கள் தரப்பினதுதானே!

தகுந்த பெட்டியைக் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கண்ணாடி இழை இணைப்பில் ஒவ்வொரு பெட்டியின் அடையாள எண்ணையும் நிறுவனம் தன் கருவியில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்ய மறுத்தால், எத்தனை உயர்ந்த பெட்டியும் வெறும் பிளாஸ்டிக்தான். எனவே வசதியுள்ளோர் நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு ரூட்டரை வாங்கி வைக்கின்றனர். ஒரே வேலைக்கு இரண்டு பெட்டி, இரண்டு மின்செலவு. அதற்கு வழியில்லாதோர் கிடைத்ததோடு நிற்கின்றனர். ‘இலவசப் பெட்டி’ என்பதோ பல திட்டங்களில் ஆறு மாத, ஓராண்டு முன்பணத்தின் மறுபெயர்.

இது தொழில்நுட்பம் விதித்த விதியல்ல. அமெரிக்காவில் தொலைபேசி ஏகபோகம் தன் கம்பியில் பிறர் கருவியை இணைக்கத் தடை விதித்திருந்தது. 1968இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் அத்தடையைத் தகர்த்தது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், கேபிளோ இழையோ, தமக்கு விருப்பமான மோடத்தைப் பொருத்தும் உரிமை சட்டப்படி வாடிக்கையாளருடையது. இங்கேயும் பிஎஸ்என்எல் தொலைபேசிக் கம்பிவழி அகலக்கற்றை தந்த காலத்தில், மோடத்தை வாடகைக்கு எடுக்கலாம், சொந்தமாகவும் வாங்கலாம் என்ற நிலை இருந்தது. பொதுத்துறையை நலிவுறச் செய்து, சந்தையை ஜியோ, ஏர்டெல் முதலான பெருநிறுவனங்களிடம் ஒப்படைத்தபின் தேர்வு பெருகும் என்றார்கள். விளம்பரம்தான் பெருகியது.

அந்நியக் கருவி வலையமைப்பைக் கெடுத்துவிடும் என்பது நிறுவனங்களின் வழக்கமான வாதம். தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு அரசின் கட்டாயச் சோதனையும் சான்றளிப்பும் நடைமுறையில் இருக்கும்போது, சான்று பெற்ற பெட்டியை மறுக்க என்ன நியாயம் உண்டு? தொலைக்காட்சி செட்-டாப் பெட்டிகள் எந்த நிறுவனத்துக்கும் பொருந்துவனவாக இருக்க வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலிலேயே பரிந்துரைத்தது. அது ஏட்டோடு நின்றது. நிறுவனத்தை மாற்றும் வீடுகளில் பழைய பெட்டி இன்றும் குப்பைக்கே போகிறது.

இணைய மோடத்துக்கும் அதே கதி நேரக் கூடாது. சான்று பெற்ற எந்தப் பெட்டியையும் பதிவு செய்யும் கடமை, பதிவுக்குரிய விவரங்களைக் கட்டணமின்றித் தரும் கடமை, திட்டத்தின் வேகத்தைத் தாங்காத பெட்டியைச் செலவின்றி மாற்றித் தரும் கடமை ஆகியவற்றை உரிம நிபந்தனையாகவே டிராய் பரிந்துரைக்க வேண்டும். ஒன்றிய அரசு அதை விதிக்க வேண்டும். பிஎஸ்என்எல் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை; தன் இணைப்புகளில் நாளையே தொடங்கலாம்.