ஓடவிட்டுப் பார்க்காதீர்கள், நிற்கவிட்டுப் பாருங்கள்

தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு வரும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: "அக்கா, மலைப்பாதையில சவாரி போக ஒரு ரேஸ் குதிரை மலிவா வருது, எடுக்கலாமா?" வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுகிறேன். பட்டுத் தெரிந்துகொண்டது அது.

பதினோரு வருஷத்துக்கு முன் நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட ஆறு வயதுக் குதிரை, 64 அங்குல உயரம், வெயிலில் மின்னும் செவலை. நாலே நாளில் நொண்டியது. அதன் மேல் குற்றமே இல்லை. சின்ன வயதிலிருந்து சமதளத்தில் வேகமாக ஓடுவதற்கென்றே பழக்கிய உயிர் அது. மெல்லிய அலுமினிய லாடத்தில் ஓடிய கால், எங்கள் சரளைக்கல்லில் உள்ளங்குளம்பு கன்றிப்போனது. இறக்கத்தில் பின்னங்காலில் எடையை வாங்கத் தெரியாமல், தலையைத் தூக்கிக்கொண்டு தடுமாறும். மூன்று மாதம் அது கொட்டடியில் நின்ற நிலையை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

அப்புறம்தான் வெள்ளகவி மலைக்கிராமத்துக்கு மூட்டை சுமந்து போகும் குதிரைகளைக் கவனித்தேன். குட்டை உருவம், அகன்ற நெஞ்சு. தலையைத் தாழ்த்தி, பாதையைப் பார்த்து, ஒவ்வொரு காலாக வைத்துப் போகின்றன. மலைக்கு வேண்டியது அந்த நடை.

அடுத்த ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனேன். கூட்டமெல்லாம் வெள்ளைக் குதிரைகளையும், காது நுனி உள்பக்கம் வளைந்த மார்வாரிகளையும் சுற்றி நின்றது. ஓரத்தில் ஒன்பது வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று, 55 அங்குலம். "சுழியப் பாத்துட்டு ஆரும் எடுக்கலீங்கம்மா" என்றார் வைத்திருந்தவர். சுழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுழி தேடுகிற நேரத்தில் நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்தால் எத்தனையோ பேர் பிழைத்துக்கொள்வார்கள்.

மறுநாள் விடியுமுன் சொல்லாமல் போய் நின்றேன். வாங்குகிறவர் வரும் முன்பே குதிரையை ஓட்டிக் களைக்கவைத்து, சாது என்று காட்டுகிறவர்கள் உண்டு. அதனால் முதலில் குதிரைக்காரரையே ஏறச் சொன்னேன். பிறகு நான் ஏறி, கடிவாள வாரைத் தளர்த்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம் அசையாமல் நின்றது. பையிலிருந்த பிளாஸ்டிக் உறையைச் சரசரவென்று ஆட்டினேன். காதைத் திருப்பிப் பார்த்தது, அவ்வளவுதான். மற்றக் குதிரைகளை விட்டுத் தள்ளிக் கூட்டிப்போனேன். கனைத்துக்கொண்டு திரும்பி ஓடவில்லை. தனியாகப் போக மறுக்கும் குதிரையோடு காட்டுப் பாதையில் போவது ஆபத்து. வாய்க்கால் கரைச் சரிவில் இறங்கச் சொன்னதும் நின்று, முகர்ந்து பார்த்து, நிதானமாக இறங்கியது. அங்கேயே என் மனம் முடிவு செய்துவிட்டது.

ஆனாலும் டேப்பை எடுத்தேன். நெஞ்சுச் சுற்றளவு 165 சென்டிமீட்டர், உடல் நீளம் 145. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிடைக்கும்: சுமார் 330 கிலோ. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுக்கணக்கு. நான் 56 கிலோ, சேணம் 8. சரியாக இருந்தது. 90 கிலோ ஆள் இதே குதிரையில் ஏறினால் அது கொடுமை; சுற்றுலா இடங்களில் தினமும் நடக்கிறது, யாரும் கேட்பதில்லை.

ரத்தப் பரிசோதனை முடியும்வரை மீதிப் பணம் கொடுக்கவில்லை. கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும் நோய். உறுதியானால் குதிரையைக் கொன்றாக வேண்டும் என்பது சட்டம். பொலிகுதிரையை மட்டும் யாரும் கூட்டுச் சவாரிக்கு எடுக்க வேண்டாம். பெட்டை, இல்லையென்றால் காயடித்தது போதும்.

அந்தச் செவலையை நான் விற்கவில்லை. குளம்பு ஆறிவிட்டது. மலைக்குக் கூட்டிப்போவதில்லை, கீழ்த்தோட்டத்துச் சமதளத்தில் காலையில் அவிழ்த்துவிட்டால் தானாக ஓடி, தானாகவே திரும்பி வருகிறது.