கவின் இருக்கக் கெவின் ஏன்?

குடமூக்கு என்னும் பெயரை வடமொழியாக்கிக் கும்பகோணம் என்றனர். தமிழ்ப்பெயர் தேவாரத்துள் ஒடுங்கிற்று. அவ்விழப்பையே உணராத குடந்தைத் தமிழன், இன்று தன் பிள்ளைக்குக் 'கெவின்' எனப் பெயரிட்டுப் பூரிக்கிறான். கேட்டால் ஆங்கிலப் பெயராம், புதுமையாம்!

அது ஆங்கிலப் பெயரும் அன்று. அயர்லாந்தின் கெயிலிக் மொழியில் அது 'கீவீன்'. இனிய பிறப்பினன் என்று பொருள். ஆறாம் நூற்றாண்டில் கிளெண்டலாக் மடத்தை நிறுவிய துறவியின் பெயர். ஆங்கிலேயன் நாவில் அது கெவினாயிற்று. ஆங்கிலத்தில் அப்பெயரை எழுதப் பயன்படும் 'கே', 'வி' என்னும் இரண்டும் கெயிலிக்கின் மரபுவழிப் பதினெட்டு எழுத்துகளுள் இல்லவே இல்லை!

இவ்விழிவை அயர்லாந்தினர் உணர்ந்தனர். மக்கட்பெயர்களையும் ஆங்கிலத் தளையினின்று மீட்க வேண்டும் என்று 1892இல் முழங்கினார் தக்ளசு ஐடு. மறு ஆண்டே கெயிலிக் கழகம் எழுந்தது. 1938இல் அவரே அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார். அவர்கள் களைய முயன்ற திரிபையன்றோ தமிழன் தொட்டிலில் இடுகிறான்!

சங்கப் பாக்களில் பயிலும் கவின் என்னும் சொல்லுக்கு அழகு என்று பொருள். அதிலிருந்தே கெவின் பிறந்தது என நிறுவப் புகுவாரும் உளர். அப்பொய்ப் பெருமை தமிழுக்கு வேண்டா. ஒலி ஒத்தது, அவ்வளவே. கீவீனின் பொருள்தான் வேண்டுமெனில் இனியன் இருக்கிறான்.

1894இல் புறநானூறு அச்சேறியபோது, அதைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் குடந்தைக் கல்லூரியில்தான் தமிழ் கற்பித்தார். அந்நூலின் கிள்ளியும் வளவனும் சாத்தனும் இன்று அவ்வூர்ப் பள்ளிப் பதிவேடுகளில் எத்தனை பேர்?

பெயரின்றிப் பிறப்பைப் பதிந்த பெற்றோர், ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம்.