பெயர்ப்பலகை யாருடைய கையில்?

ஹற்றன் பஸாரில் ஒரு கடை இடம் மாறுகிறது என்றால் எம்மவர் என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் கணக்குக் கொப்பிகள் போகும். பிறகுதான் சாமான். பழைய கதவில் புதிய விலாசத்தை எழுதி ஒட்டுவோம். பக்கத்துக் கடை நானாவிடம், "யாரும் தேடி வந்தால் சொல்லி அனுப்புங்கள்" என்று கேட்டுக் கொள்வோம். பெயர்ப்பலகையை மட்டும் எவரிடமும் விட்டு வைக்க மாட்டோம். அதைக் கழற்றி எமது லொறியிலேயே ஏற்றிக் கொண்டு போவோம்.

இவ்வளவு விபரமான நாம், கடையின் ஈமெயிலையும் இணையத்தளத்தையும் ஒரு கம்பனியிலிருந்து இன்னொரு கம்பனிக்கு மாற்றும்போது மட்டும் ஏன் கண்ணைக் கட்டிக் கொண்டு நடக்கிறோம்? நானும் அப்படி நடந்தவன்தான். ஆகவே, பிறருக்குப் புத்தி சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்லி விடுகிறேன்.

எனக்கு நடந்தது

பலசரக்கு வியாபாரத்தோடு தேயிலைத்தூள் பொதி செய்து விற்பதும் எமது தொழில். 2009ஆம் ஆண்டு ஊர்த் தம்பி ஒருவர் எமக்கு இணையத்தளம் செய்து தந்தார். பெயரைப் பதிவு செய்தது, இடம் வாடகைக்கு எடுத்தது, ஈமெயில் திறந்தது எல்லாம் அவரே. நான் காசைக் கொடுத்தேன். ஒரு துண்டு ரசீதுகூடக் கேட்கவில்லை. பிறகு அவர் கட்டாருக்குப் போய் விட்டார். சில வருடங்கள் அங்கிருந்தே தவணையைக் கட்டி, ஊருக்கு வரும்போது என்னிடம் வாங்கிக் கொண்டார்.

2016இல் வாடகை கூடியதால் வேறு கம்பனிக்கு மாறத் தீர்மானித்தேன். அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. எமது கடையின் இணையப் பெயர் அந்தத் தம்பியின் பெயரில் இருந்தது. பதிவில் கொடுத்திருந்த ஈமெயிலோ அவர் எப்போதோ பாவிப்பதை விட்டது. தவணை நினைவூட்டல்கள் எல்லாம் அங்கே போய்க் குவிந்து கிடந்தன. ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் காலம் முடிந்து, பெயரை யாரோ ஓர் அந்நியர் வாங்கி விட்டார்.

பத்துப் பன்னிரண்டு பேர் பார்க்கும் இணையத்தளம் போனதில் எனக்குக் கவலையில்லை. ஆனால் மாலைதீவில் எமக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். மூன்று முறை ஓர்டர் அனுப்பியிருக்கிறார், மூன்றும் திரும்பி வந்திருக்கின்றன. கடையை மூடி விட்டார்கள் என்று நினைத்து வேறு இடத்தில் வாங்கத் தொடங்கி விட்டார். அவரை நான் மீண்டும் பெறவில்லை. தம்பி மீது குற்றம் சொல்ல மாட்டேன். அவர் உதவி செய்தவர். உறுதியைப் பார்க்காமல் காணி வாங்கியவன் நான்தான்.

மூன்று பொருள், மூன்று திறப்பு

இதிலிருந்து நான் படித்தது இதுதான். நாம் "வெப்சைட்" என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வேறு பொருட்கள். ஒன்று, டொமைன் என்ற பெயர். இது பெயர்ப்பலகை. இரண்டு, ஹோஸ்டிங் என்ற இடம். இது வாடகைக் கடை. மூன்று, ஈமெயில். இது தபால் பெட்டி. மூன்றையும் ஒரே கம்பனியில் வாங்கலாம், மூன்று கம்பனிகளிலும் வாங்கலாம். கடையும் பெட்டியும் எத்தனை முறை மாறினாலும் பாதகமில்லை. பெயர் எமது கையில் இருந்தால், எங்கே போனாலும் வாடிக்கையாளர் எம்மைத் தேடி வருவார். பெயர் போனால் மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை.

பெயரின் பலம் எவ்வளவு என்பதற்கு எமது நாட்டிலேயே சாட்சி உண்டு. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி காலையில் கூகுளின் டொட் எல்.கே. முகவரிக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்தைக் கண்டார்கள். தோட்டத் தொழிலாளரின் பிரச்சினை உட்படப் பல விடயங்களை அந்தப் பக்கம் பேசியது. கூகுளின் சேர்வர்களை யாரும் உடைக்கவில்லை. டொட் எல்.கே. பெயர்கள் எந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்ற பதிவில்தான் கை வைத்திருந்தார்கள். உலகத்தின் பெரிய கம்பனிகளில் ஒன்றுக்கும் பெயர்ப்பலகையைத் திருப்பி வைத்தால் இதுதான் கதி. எமது சிறு கடை எம்மாத்திரம்?

இலவசம் நிரந்தரமல்ல

"எதற்கு மாற வேண்டும்? இருப்பதே போதும்" என்று சிலர் சொல்வார்கள். மாறுவதும் மாறாததும் எப்போதும் எமது விருப்பத்தில் இல்லை. கூகுள் நிறுவனம் 2006இல் சொந்தப் பெயரிலான ஈமெயிலை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு அதை நிறுத்தியது. பழையவர்களும் இனிக் காசு கட்ட வேண்டும் என்று 2022 ஜனவரியில் அறிவித்தது. சொந்தப் பாவனைக்காரருக்குப் பிறகு விட்டுக் கொடுத்தார்கள், வியாபாரிகளுக்கு விட்டுக் கொடுக்கவில்லை.

அது எந்த வருடம் என்று பாருங்கள். மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர், மே மாதம் 360 ரூபாவைத் தாண்டியது. மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற நாட்களில், ஒவ்வோர் ஈமெயிலுக்கும் மாதாமாதம் டொலரில் கட்டு என்றால் யாரால் முடியும்? பெயரைத் தன் கையில் வைத்திருந்தவர், மலிவான வேறு கம்பனிக்குத் தபால் பெட்டியை மாற்றிக் கொள்ளலாம். வைத்திராதவருக்கு அந்த வழியும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் மாதம் அரசாங்கத்தின் கிளவுட் சேவை இணையக் கொள்ளையர்களால் தாக்கப்பட்டது. சுமார் 5,000 அரச ஈமெயில் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்களுக்குப் பிரதி இல்லாததால் அவை திரும்பக் கிடைக்கவில்லை. பாவித்த மென்பொருளும் காலாவதியானது. அரசாங்கத்துக்கே அந்த நிலை. "கம்பனிக்காரன் பார்த்துக் கொள்வான்" என்று நாம் நிம்மதியாகத் தூங்கலாமா?

மாறும் முறை

மாறத் தீர்மானித்தவர்கள் அவசரப்படக் கூடாது. முதலில் பெயர் யாருடைய பெயரில் இருக்கிறது, எப்போது முடிகிறது என்று பாருங்கள். உங்கள் பெயருக்கு அல்லது கம்பனியின் பெயருக்கு மாற்றுங்கள். டொட் கொம் போன்ற பெயர்களைப் பதிவு செய்த முதல் 60 நாட்களில் வேறு கம்பனிக்கு மாற்ற முடியாது. ஆகவே நேரம் வைத்துச் செய்யுங்கள். பதிவுக்குக் கொடுக்கும் ஈமெயில், அந்தப் பெயரிலேயே இயங்கும் ஈமெயிலாக இருக்கக் கூடாது. பெயர் நின்றால் அதுவும் நின்று விடும். பூட்டிய கடைக்குள் திறப்பை வைத்த கதையாகி விடும்.

இரண்டாவது, பழைய கடிதங்கள். கடைக் கணனியில் இறங்கியிருக்கின்றனவா, கம்பனியின் சேர்வரில் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். எங்கே இருந்தாலும் ஒரு பிரதி எடுத்து, கணனியில் இருந்து கழற்றி, அலுமாரியில் வையுங்கள்.

மூன்றாவது, புதிய இடத்தில் எல்லா ஈமெயில் முகவரிகளையும் முதலில் திறந்து, அனுப்பிப் பார்த்த பிறகே தபாலைத் திருப்பச் சொல்லுங்கள். கணக்குப்பிள்ளையின் முகவரி, மகனின் முகவரி என்று ஒன்றும் விடுபடக் கூடாது. ஓரிரு நாட்களுக்கு முன்பே டி.டி.எல். என்ற கால அளவைக் குறைத்து வைக்கச் சொன்னால், மாற்றம் உலகம் முழுவதும் சீக்கிரம் தெரிய வரும். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்ற இரண்டு பதிவுகளையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. இல்லாவிட்டால் உங்கள் விலைப்பட்டியல் வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டிக்குப் போகும்.

நான்காவது, பழைய கம்பனியை ஒரு மாதமாவது விட்டு விடாதீர்கள். இரட்டை வாடகை நட்டமல்ல, அது காப்புறுதி. நாளையும் பார்த்துச் செய்யுங்கள். நுவரெலியாவில் விடுதி வைத்திருப்பவர் ஏப்ரல் சீசனில் கை வைக்கக் கூடாது. பஸாரில் கடை வைத்திருப்பவர் பெருநாளுக்கு முன்னும், தோட்டத்தில் சம்பளம் போடும் நாட்களிலும் தொடக் கூடாது.

"வட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்ற கேள்வியும் வரும். வியாபாரம் முழுவதும் டவுனுக்குள் என்றால் நியாயமான கேள்விதான். அவருக்கு இலவச ஈமெயில் ஒன்றே போதும், வீண் செலவு வேண்டாம். ஆனால் வெளியூர், வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ளவர், விடுதிக்கு முன்பதிவு எடுப்பவர், சரக்கு ஏற்றி அனுப்புபவர் ஆகியோருக்கு நிரந்தர முகவரி ஒன்று வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. வாப்பா மௌத்தானால் காணி உறுதி எங்கே, வங்கிப் புத்தகம் எங்கே என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கடையின் பெயர் எந்தக் கம்பனியில் பதிவாகியிருக்கிறது, பாஸ்வேர்ட் என்ன, தவணை எந்த மாதம் என்று தெரியுமா? இன்று இரவு கடை மூடும் முன் இவற்றை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, உறுதிகளோடு வையுங்கள். வைத்த இடத்தை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. எனக்கு அதைச் செய்யாததன் விலை, ஒரு நல்ல வாடிக்கையாளர்.