மெதுவானது இணையமா, பாடக்குறிப்பா?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கைப்பேசி மென்பொருள் கற்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் ஒரே முறைப்பாட்டைச் சொல்கின்றனர். ஆண்ட்ரொய்ட் செயலிகளைக் கட்டும் கிரேடில் என்ற கருவி, தேவையான துணை நூலகங்களைத் தேடும் கட்டத்திலேயே உறைந்து நிற்கிறதாம். வகுப்பெடுப்போர் சொல்லும் பரிகாரம்: "இன்டர்நெட் ஸ்லோ. சேமிப்புக் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள்."

இதை நான் வன்மையாக மறுக்கிறேன். அழித்தால், ஏற்கனவே இறக்கிய அத்தனையையும் மீண்டும் இறக்க வேண்டும். டேட்டாவுக்குக் காசு கட்டுவது பெற்றோர். செய்தி முகவரகத்தின் தொடர்பு அறுந்ததற்காக எந்தப் பத்திரிகையும் தன் ஆவணக் காப்பகத்தைக் கொளுத்துவதில்லை.

கிரேடில், நாம் எழுதிவைத்த வரிசைப்படியே களஞ்சியங்களின் கதவைத் தட்டும். ஒன்று பதில் தராவிட்டால் காலக்கெடு முடியும்வரை அங்கேயே காத்திருக்கும். பழைய பாடக்குறிப்புகளோ காலாவதியான முகவரிகளைச் சுமக்கின்றன. ஜேசென்டரைப் பாருங்கள்: அதன் முடிவை ஜேஃப்ரொக் நிறுவனம் 2021 பெப்ரவரியிலேயே அறிவித்தது; 2024 ஆகஸ்ட்டில் வருவோரை மேவன் சென்ட்ரலுக்குத் திருப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. குறிப்புகளில் மட்டும் அது இன்னும் உயிரோடிருக்கிறது!

'இன்ஃபோ' தெரிவுடன் ஓடவிட்டால், கருவி எந்த முகவரியில் நிற்கிறதென்று திரையே காட்டிக்கொடுக்கும். அதை நீக்கி, கூகுள், மேவன் சென்ட்ரல் களஞ்சியங்களை எழுதுங்கள். எல்லாம் ஏற்கனவே இறங்கியிருந்தால் 'ஆஃப்லைன்' தெரிவு போதும், இணையமே வேண்டாம்.

கட்டணத்தைத் தவறாமல் புதுப்பிக்கும் நிறுவனங்களே, பாடக்குறிப்பை எப்போது புதுப்பிப்பீர்கள்?