கடை 600 சதுர அடியா, 507-ஆ? வரி நோட்டீஸ் சொல்ல வேண்டிய கணக்கு

காரைக்கால் பாரதியார் சாலையில் 20 அடி அகலம், 30 அடி நீளத்தில் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிச்சுவரோடு அளந்தால் 600 சதுர அடி. சுவர் 9 அங்குலம் என்றால், உள்ளே டேப் பிடிக்கும்போது கிடைப்பது சுமார் 527. கழிப்பறைக்கு 20 சதுர அடி கழித்தால் 507. கடை ஒண்ணுதான், கணக்கு மூணு. சொத்துவரி எதற்கு?

பேரு ஒண்ணு, அளவு வேற

சுவரோடு சேர்த்து அளப்பது பிளிந்த் ஏரியா. உள்ளே பயன்படும் இடம் கார்பெட் ஏரியா. அதிலும் குழப்பம் உண்டு. 2016-ன் ‘ரெரா’ சட்டப்படி வெளிச்சுவர் சேராது. உள் தடுப்புச் சுவர் சேரும், கழிப்பறையும் சேரும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 3861 முறையில் கழிப்பறை, நடைவழி, மாடிப்படி எதுவும் கார்பெட் ஏரியாவில் வராது.

அளவு குறைந்தால் வரி குறையுமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நகராட்சிக்கு அதே வருமானம் வேண்டுமென்றால், அளவைக் குறைத்து சதுர அடிக்கான விகிதத்தை ஏற்றிவிடலாம். மாறுவது, யார் தலையில் எவ்வளவு என்பது. அதே 600 சதுர அடிக் கட்டடத்துக்கு 18 அங்குலப் பழைய சுவர் என்றால் உள்ளே 459-தான். சுவரோடு அளந்தால், பழைய கட்டடத்தில் கடை நடத்துபவர் செங்கல்லுக்கும் சேர்த்து வரி கட்டுகிறார்.

டெல்லி மாநகராட்சிச் சட்டம் சுவரின் கனம், மாடிப்படி, பால்கனி எல்லாம் சேரும் என்றே வரையறுக்கிறது. பிடிக்கிறதோ இல்லையோ, எதை அளக்கிறார்கள் என்பது தெரியும்.

காரைக்காலில் ஏன் முக்கியம்?

பக்கத்து நாகப்பட்டினத்துக்குத் தமிழ்நாட்டுச் சட்டம். காரைக்காலுக்குப் புதுச்சேரி நகராட்சிகள் சட்டம், 1973. அங்கே கடை வைத்திருக்கும் மாமாவின் ரசீதைக் காட்டி இங்கே வாதாட முடியாது. வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாமா? 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-லேயே முடிந்தது. 2021-ல் அறிவித்த தேர்தலும் நடக்கவில்லை.

கேட்க ஆள் இல்லாத ஊரில் காகிதமாவது பேச வேண்டும். எந்த முறையில் அளந்தார்கள், எதைக் கழித்தார்கள், சதுர அடிக்கு என்ன விகிதம் என்ற மூன்றும், ஒரு சின்ன வரைபடமும் நோட்டீஸிலேயே இருக்கட்டும். கடைக்காரர் ஒரு டேப் எடுத்து அரை மணி நேரத்தில் சரிபார்த்துவிடுவார். சரிபார்க்க முடிகிற வரியைத்தான் மக்கள் முணுமுணுக்காமல் கட்டுவார்கள்.