வேகத்தை மட்டும் பார்த்தால் போதுமா?

கம்ப்யூட்டர் வாங்கப் போகும் நம் வயதுக்காரர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "ஐ3 போதுமா, ஐ5 வேண்டுமா?" என்பதுதான். முதலில் சாக்கெட் எது என்று கேளுங்கள் என்பேன் நான்.

மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்தான் சாக்கெட். அது பொருந்தாவிட்டால் எவ்வளவு வேகமான பிராசசரும் அந்தப் போர்டுக்கு உதவாது. தொண்ணூறுகளில் இருந்த 'சாக்கெட் 7'-ல் இன்டெல் பென்டியம், ஏ.எம்.டி. கே6, சைரிக்ஸ் எல்லாமே உட்காரும். பிறகு ஆளுக்கொரு வழி என்றாகிவிட்டது.

2017-ல் விற்ற இரண்டு சிக்கன ரகங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1151 சாக்கெட்டில் இன்டெல் ஐ3-7100, இரண்டு கோர். மற்றொன்று ஏ.எம்.4 சாக்கெட்டில் ஏ.எம்.டி. ரைசன் 3 1200, நான்கு கோர். ஒற்றை வேலையில் ஐ3 கை ஓங்கும். பல வேலைகளைச் சேர்த்துச் செய்தால் ரைசன் முந்தும். கடிதம் அடிக்க, ரயில் டிக்கெட் போட, யூடியூபில் கச்சேரி கேட்க இரண்டும் தாராளம்.

வித்தியாசம் தெரிந்தது எட்டு வருடம் கழித்து. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இந்த இரண்டு பிராசசருமே இல்லை. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு இடம் உண்டு. அதன் சாக்கெட் பெயரும் 1151-தான். ஆனால் அது பழைய போர்டில் ஓடாது, புதுப் போர்டு வேண்டும். ஏ.எம்.4 கதை வேறு. 2022-ல் பழைய போர்டுகளிலும் ரைசன் 5000 வரிசை ஓட ஏ.எம்.டி. வழிசெய்தது. போர்டு கம்பெனி அதற்கான பயாஸ் கொடுத்திருந்தால், பிராசசரை மட்டும் மாற்றினால் போதும். ராம், கேபினட் எல்லாம் அப்படியே இருக்கும்.

"யார் சார் பிராசசரை மாற்றப் போகிறார்கள்?" என்பார்கள் கடைக்காரர்கள். மிக்ஸி பிளேடு தேய்ந்தால் பிளேடை மாற்றுகிறோம், மிக்ஸியையே தூக்கிப் போடுவதில்லை. பென்ஷன்காரர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். நல்ல மதர்போர்டு குப்பைக்குப் போவதும் நியாயமில்லை.

இன்டெல்லே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1700 சாக்கெட்டில் 12, 13, 14 என மூன்று தலைமுறைகள் உட்காரும். அதில் வரும் ஐ3-12100 நான்கு கோர்தான். ஆனாலும் ஒற்றை வேலையில் ஆறு கோர் ரைசன் 5 5600ஜி-யை முந்திவிடும். எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும் வேலையில் 5600ஜி முன்னே போகும். நம் வீட்டு உபயோகத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

ஆகவே கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். சாக்கெட் எது? நாளைக்கு அதே போர்டில் இதைவிடப் பெரிய பிராசசர் உட்காருமா? கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறதா? இன்டெல் பெயரின் கடைசியில் 'எஃப்' என்றிருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டுக்குச் செலவு வரும்.

இதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.